ஊர்த்திடலும் சித்திரப் பலகையும்

இங்கிலாந்தின் பழைய கிராமங்களில் வீடுகள் சூழ்ந்திருக்க நடுவே ஒரு புல்வெளி கிடக்கும். ஓரத்தில் வாத்துக் குளம், எதிரே ஒரு பப், சற்றுத் தள்ளித் தேவாலயக் கோபுரம். ‘வில்லேஜ் கிரீன்’ எனப்படும் இந்த ஊர்த்திடல் ஒரு காலத்தில் ஆடுமாடு மேய்ந்த இடம். இன்று பிள்ளைகள் ஓடியாடவும், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடவும், கோடை விழாவுக்குக் கூடாரம் அடிக்கவும் பயன்படுகிறது. பல ஊர்களில் திடலின் ஓரத்தில் ஓர் ஓக் மரக் கம்பம் நிற்கும். அதன் உச்சியில் இருபுறமும் செதுக்கி வண்ணம் தீட்டிய பலகை இருக்கும். நெடுஞ்சாலைத் துறை நடும் பெயர்ப்பலகை வேறு, இது வேறு. அது வண்டியோட்டிக்கு வழி சொல்கிறது. இதில் ஊர் தன் கதையைச் சொல்லிக்கொள்கிறது.

இரண்டையும் ஊரார் இப்போதும் புதிதாக உண்டாக்கிவருகிறார்கள். பார்வைக்கு ஒரே முயற்சியின் இரு பாதிகள் போலத் தோன்றினாலும் இவற்றின் இயல்பு வேறு. பலகைக்குக் கொஞ்சம் பணமும் ஒரு கதையும் போதும். திடலுக்கு நிலம் வேண்டும், சட்டம் வேண்டும், ஆண்டுக்கணக்கான புழக்கம் வேண்டும்.

திடல்கள் அருகிப்போனதற்கு வேலியடைப்பு முக்கியக் காரணம். 1604 முதல் 1914 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் பொதுநிலமும் திறந்த வயலும் தனியார் வேலிக்குள் போயின. எஞ்சிய திடல்களுக்கு 1857ஆம் ஆண்டின் வேலியடைப்புச் சட்டமும் 1876ஆம் ஆண்டின் பொதுநிலச் சட்டமும் காவலாயின. திடலைச் சேதப்படுத்துவதும், அதில் கட்டடம் எழுப்புவதும், வேலி போடுவதும் அன்று முதல் குற்றம். அந்தப் பிரிவுகள் இன்றும் நடப்பில் உள்ளன. 1965இல் வந்த சட்டம் எல்லாத் திடல்களையும் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது.

புதிய திடல் உருவாகும் வழியை இன்று வகுப்பது 2006ஆம் ஆண்டின் பொதுநிலச் சட்டம். ஒரு வட்டாரத்து மக்களில் கணிசமானோர் ஒரு நிலத்தில் 20 ஆண்டுகளுக்குக் குறையாமல், உரிமையுள்ளவர்களைப் போல விளையாடியும் பொழுதுபோக்கியும் வந்திருந்தால் அது ஊர்த்திடலாகப் பதிவாகலாம். நிலம் தனியார் பெயரில் இருப்பது இதற்குத் தடையில்லை. ஆனால் அந்தப் புழக்கம் வலுக்கட்டாயமாகவோ, ஒளிவுமறைவாகவோ, அனுமதி வாங்கியோ நடந்திருக்கக் கூடாது.

ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் சன்னிங்வெல் கிராமத்தில் தேவாலயத்துக்குச் சொந்தமான பத்து ஏக்கர் நிலம் ஒன்று இருந்தது. ஊர்க்காரர்கள் அங்கே நாயை நடத்திச் செல்வார்கள். பிள்ளைகள் பட்டம் விடுவார்கள். பனி விழுந்தால் சறுக்கு வண்டி ஓட்டுவார்கள். அதில் வீடு கட்டும் பேச்சு எழுந்தபோது ஊராட்சி மன்றம் வழக்காடியது. 1999இல், அன்று நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஊர்ப்பக்கம் தீர்ப்பளித்தது. நிலக்காரர் பேசாமல் பொறுத்துக்கொண்டார் என்பதற்காக அதை அனுமதி என்று சொல்ல முடியாது என்றது. தங்களுக்கு உரிமை உண்டென்று மக்கள் மனதில் நம்பினார்களா என்று துருவத் தேவையில்லை என்றது. நாய் நடத்துவதும் பட்டம் விடுவதும் சட்டத்தின் கண்ணில் கனமான செயல்களாயின. சாதாரண மக்களின் அன்றாடப் புழக்கத்துக்கு இவ்வளவு மதிப்புத் தரும் சொத்துச் சட்டம் அபூர்வம். இந்த ஏற்பாட்டின் தலையாய பலம் இதுதான்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. நாகரிகமாகப் போய் நிலக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவரும் சரியென்று சொல்லிவிட்டால் திடல் உரிமை பிறக்காது. கேட்காமல் நுழைந்தவருக்குத்தான் பிறக்கும். நிலக்காரர் பக்கமிருந்து பார்த்தாலும் இதே கோணல். ஊர்ப் பிள்ளைகள் ஆடட்டும் என்று கண்டும் காணாமல் இருந்தவர் நிலத்தின் மீதான பிடியை இழக்கலாம். முதல் நாளே முள்கம்பி கட்டியவருக்கு ஒன்றும் ஆகாது. பெருந்தன்மைக்கு இப்படி விலை வைத்தால் வேலிதான் பெருகும். உள்ளாட்சி நிலங்களில் இன்னொரு சிக்கல். விட்பி நகரின் விளையாட்டுத் திடல் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம், உள்ளாட்சியே மக்கள் பொழுதுபோக்குவதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மக்கள் ஏற்கெனவே உரிமையோடுதான் நுழைகிறார்கள், ஆகவே புதிதாகத் திடல் உரிமை எழாது என்று முடிவு கட்டியது. மக்களுக்கென்றே ஒதுக்கிய நிலத்துக்கு இந்தக் காப்பு எட்டவில்லை.

பெரும்பாலான விண்ணப்பங்கள் திடல் மீதுள்ள ஆசையால் வருகின்றனவா, பக்கத்தில் வீடு வருவதைத் தடுக்கும் நோக்கில் வருகின்றனவா என்ற ஐயமும் நெடுநாளாக உண்டு. ஆக்ஸ்ஃபர்டின் டிராப் கிரவுண்ட்ஸ், பெரும்பகுதி உள்ளே நுழையவே முடியாத புதர் நிலம். அதுவும் திடலாகத் தகும் என்று 2006இல் தீர்ப்பானது. 2013இல் அரசு கடிவாளம் போட்டது. கட்டுமான விண்ணப்பம் பகிரங்கமாகிவிட்டால் திடல் விண்ணப்பத்துக்கு இடமில்லை. நிலக்காரர் ஓர் அறிக்கை தாக்கல் செய்தே புழக்கத்தின் கணக்கை நிறுத்தலாம். புழக்கம் நின்றபின் விண்ணப்பிக்கும் கெடு இரண்டு ஆண்டிலிருந்து ஓராண்டானது. முட்டுக்கட்டைக்காரர்களை மடக்க வந்த இந்தத் திருத்தம் உண்மையாகவே திடல் வேண்டும் ஊர்களையும் சேர்த்தே மடக்கியது. கட்டுமான விண்ணப்பம் வெளியாகும் வரை நிலத்துக்கு ஆபத்து என்று ஊருக்குத் தெரியாது. தெரிந்தபின் வாசல் சாத்தப்பட்டிருக்கும்.

சண்டையில்லாத வழியும் அதே 2006 சட்டத்தில் உண்டு. நிலக்காரர் தாமாகவே தம் நிலத்தைத் திடலாகப் பதிவு செய்யலாம். இருபது ஆண்டுச் சாட்சியம் திரட்ட வேண்டியதில்லை. ஊரே பணம் சேர்த்து நிலம் வாங்கி, ஊராட்சி மன்றத்தின் பெயரில் இப்படிப் பதிந்தால் விஷயம் முடிந்தது. இதற்கு ஈடான நேர்வழி வேறில்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்க வேண்டும்: பதிந்தபின் மனம் மாறினால் திரும்புவது கடினம். கார் நிறுத்த ஓரத்தில் கொஞ்சம் சரளை கொட்டுவதும் 1876 சட்டத்தில் இடறும்.

உண்டாக்கியபின் நேர்வதைக் காட்டுவது மில்லேனியம் கிரீன் திட்டம். 1996இல் தொடங்கிய இதில், லாட்டரி நிதியின் உதவியோடு இங்கிலாந்தில் 245 திடல்கள் உருவாயின. ஒவ்வொன்றையும் உள்ளூர் அறக்கட்டளை ஒன்று ஏற்றது. நிலம் தேடியது, மரம் நட்டது, இருக்கை போட்டது எல்லாம் ஊராரே. தொடக்க உற்சாகத்துக்குக் குறைவில்லை. ஆனால் புல் ஆண்டுதோறும் வளரும். வெட்டக் கூலி, காப்பீடு, வேலி பழுது என்று செலவு நிற்காது. அறங்காவலர்களுக்கு வயதாகி, இளையவர்கள் முன்வராத இடங்களில் பொறுப்பு கடைசியில் ஊராட்சி மன்றத்தின் தலையில் விழுந்தது. உண்டாக்கக் கிடைத்த மானியத்தைப் போலப் பராமரிக்கவும் மூலதனம் சேர்த்து வைக்காதது இத்திட்டத்தின் பெரிய ஓட்டை.

பலகையின் வரலாறு திடலின் வரலாற்றைப் போலப் பழையதல்ல. நார்ஃபோக்கில் சாண்ட்ரிங்ஹாம் அரச பண்ணையைச் சுற்றிய கிராமங்களில் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இது வேர்விட்டது. 1920இல் டெய்லி மெயில் நாளிதழ் 2,200 பவுண்டு பரிசுத் தொகையோடு வடிவப் போட்டி நடத்தியபின் நாடெங்கும் பரவியது. ஸ்வாஃப்ஹாம் பள்ளி ஓவிய ஆசிரியர் ஹாரி கார்ட்டர் தனியொருவராக இருநூறுக்கும் மேற்பட்ட பலகைகள் செதுக்கினார். முடிசூட்டு விழா, வெள்ளிவிழா, 2000ஆம் ஆண்டு என ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் ஒரு விளைச்சல். பலகையில் எதைச் செதுக்குவது என்று ஊரார் கூடிப் பேசும் சில மாதங்கள்தான் இதில் கிடைக்கும் உண்மையான லாபம். பழைய வரைபடமும் பாட்டியின் நினைவும் ஒரே மேசைக்கு வரும்.

ஆனால் முடிவில் பலகையில் ஏறுவது பெரும்பாலும் ஏர், ஆலை, தேவாலயம், குடும்பச் சின்னம். கென்ட் மாவட்டத்தின் பிடென்டன் திடலில் உள்ள பலகையில் ஒட்டிப் பிறந்த இரட்டைச் சகோதரிகள் நிற்கிறார்கள். 1100இல் பிறந்து, ஏழைகளுக்கு நிலம் எழுதிவைத்தவர்கள் என்பது ஊர் நம்பிக்கை. பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றாளர் எட்வர்ட் ஹேஸ்டட் இதை ஏற்கவில்லை. பலகையில் அந்த மறுப்புக்கு இடமில்லை; கேள்விக்குறியைச் செதுக்க யாரும் காசு தரமாட்டார்கள். பண்ணைக் கூலிகளும், வேலியடைப்பில் மேய்ச்சல் இழந்தவர்களும், நேற்று குடிவந்தவர்களும் அநேகமாக எந்தப் பலகையிலும் இல்லை.

எனவே பணமும் ஆளும் ஒன்றுக்குத்தான் போதும் என்ற நிலையில் ஊர் முதலில் நிலத்தைப் பதிவு செய்வதே சரி. பலகை பத்தாண்டு கழித்தும் வரலாம். அப்போதும் ஓக் கம்பத்தின் அடி மண்ணோடு சேரும் இடத்தில் முதலில் இற்றுப்போகும் என்பதால் அதை இரும்புக் காலில் நிறுத்துவதும், வண்ணம் புதுப்பிக்க ஆண்டுதோறும் சிறுதொகை எடுத்து வைப்பதும் அவசியம்.