பலஸ்தீனக் கவிதையும் கொழும்பின் கதவும்

எமது சஞ்சிகைகளில் பலஸ்தீனத்தைப் பாடாத இதழ் அரிது. கந்தப்பளையின் மழைக்கால மாலைகளில் பழைய இதழ்களையும் புதியவற்றையும் ஒருசேர வாசித்தேன். அமெரிக்கா எல்லாவற்றிலும் வருகிறது. கழுகாக, ஓநாயாக, இரத்தம் குடிக்கும் பேயாக. கோபத்தில் பொய்யில்லை. ஆனால் கவிஞர்களின் பெயர்களை இடம்மாற்றிப் போட்டாலும் எவருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் உறுத்துகிறது.

1981இல் எம்.ஏ. நுஃமானின் 'பலஸ்தீனக் கவிதைகள்' வந்தபோது எம்மவர்க்கு ஒரு வழி திறந்தது. மஹ்மூத் தர்வீஷின் 'அடையாள அட்டை'யைப் பாருங்கள். அதில் அமெரிக்கா இல்லை. ஓர் அலுவலர் இருக்கிறார்; அட்டை இலக்கம், பிள்ளைகளின் எண்ணிக்கை, கல்லுடைக்கும் வேலை இருக்கின்றன. தோட்டத்துப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்ற நண்பரிடம் அதை வாசித்துக் காட்டினேன். "இது எங்கட தாத்தா கச்சேரியில நின்ட கதையல்லவா சேர்" என்றார்.

அவர் சொன்னதில் வரலாறு உண்டு. 1948 மே 14இல் இஸ்ரேல் பிரகடனமாயிற்று; 11 நிமிடங்களில் ட்ரூமன் அதை அங்கீகரித்தார். அந்த யுத்தத்தில் ஏறத்தாழ 7 இலட்சம் பலஸ்தீனர் வீடிழந்தனர். அதே ஆண்டு இலங்கையின் பிரசாவுரிமைச் சட்டத்தால் ஏறத்தாழ அதேயளவு மலையகத் தமிழர் நாடற்றோராயினர். இரண்டும் ஒன்றல்ல. இங்கே குண்டு விழவில்லை, லயமும் இடிபடவில்லை. ஆயினும் அச்சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் டி.பி. ஜாயா இருந்தார் என்பதை எமது கவிதை ஒருபோதும் கேட்டுப் பார்க்கவில்லை.

1984ஐயும் கேட்டுப் பார்க்கவில்லை. சிறிமாவோ அரசு 1970இல் இஸ்ரேலுடனான உறவைத் துண்டித்திருந்தது. யூலைக் கலவரத்தின் பின் இராணுவ உதவி தேடிய ஜே.ஆர். ஜயவர்தன அரசு, கொழும்பு அமெரிக்கத் தூதரகத்தின் கூரையின் கீழ் இஸ்ரேலிய நலன்காக்கும் பிரிவு ஒன்றைத் திறக்க இடமளித்தது. ரீகன் ஆட்சிக் காலம். பின்னர் இஸ்ரேலியப் பயிற்சியாளர்கள் வந்தனர். அப்பயிற்சி தமிழ் இளைஞருக்கு எதிராகப் பயன்பட்டது. அதற்கு முன்பே ஈரோஸ் இயக்கத்தவர் லெபனானில் பலஸ்தீன இயக்கத்தவரிடம் பயிற்சி பெற்றிருந்தனர். அரபு மண்ணின் சண்டை எமது தெருவுக்கே வந்திருந்தது. முஸ்லிம்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள், உண்மைதான். ஆனால் வெளிநாட்டமைச்சர் ஏ.சி.எஸ். ஹமீத், எம்மில் ஒருவர். ஒருபுறம் அரபு நாடுகள், மறுபுறம் அமெரிக்கா, நடுவில் அந்த மேசை. எத்தகைய நாவல் அங்கே கிடக்கிறது! 1990இல் பிரேமதாச அப்பிரிவை மூடினார். 2000இல் உறவு முழுமையாக மீண்டது. நாமோ தொடர்ந்து கழுகைப் பாடிக்கொண்டிருந்தோம்.

அண்மைக் காலம் இதைவிடச் சிக்கலானது. 2024 ஜனவரியில் செங்கடலில் அமெரிக்கா தலைமையேற்ற நடவடிக்கைக்குக் கடற்படைக் கப்பல் அனுப்புவதாக ரணில் விக்கிரமசிங்க அறிவித்தார். அதே மாதம் பலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. முகவரகத்துக்குரிய நிதியை அமெரிக்கா இடைநிறுத்தியது. சில மாதங்களில் அதே ரணில் அரசு காஸாச் சிறுவர்களுக்கென 10 இலட்சம் டொலரை அதே முகவரகத்திடம் கையளித்தது. இதைக் கழுகு என்ற ஒற்றைப் படிமத்தில் எப்படி அடக்குவது?

2023இன் இறுதியில் இஸ்ரேலியப் பண்ணைகளுக்கு 10,000 இலங்கையரை அனுப்பவும் உடன்பாடு கண்டிருந்தார்கள். ஒக்டோபர் 7இன் பின் பலஸ்தீனருக்கு அனுமதி மறுக்கப்பட்டு, தாய்லாந்துக்காரரில் பலரும் திரும்பிவிட, ஆளின்றிக் கிடந்த வேலை அது. கந்தப்பளையில் லீக்ஸும் கரட்டும் பிடுங்கிப் பழகிய கைகளுக்கு அந்த மண்வேலை புதிதல்ல. எமது ஊர் வாலிபன் ஒருவன் விண்ணப்பம் நிரப்ப என்னிடம் வந்தான். தோட்டத்துச் சம்பளத்தில் கடன் அடைபடாது என்றான். பலஸ்தீனன் ஒருவன் நின்ற இடத்துக்குத்தான் போகிறாய் என்று சொல்ல நா எழவில்லை. பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தேன்.