சேஸ், சேசிஸ், ஷாசி: இதில் யார் சொல்வது தப்பு?

உங்கள் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். என்ஜின் நம்பருக்குப் பக்கத்தில் இன்னொரு நம்பர் இருக்கும். மெக்கானிக் அதை ‘சேஸ் நம்பர்’ என்பார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் புரோக்கர் ‘சேசிஸ் நம்பர்’ என்பார். ‘இத்தனை நாளா நீங்க தப்பாச் சொல்ற பத்து இங்கிலீஷ் வார்த்தைகள்’ வகை வீடியோக்களில் வருகிறவர் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டு ‘ஷாசி’ என்பார்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் அகராதிகளின்படி வீடியோக்காரர் சொல்வது சரி. முதல் எழுத்து ஷ. அடுத்து வருவது ஆ-வுக்கும் ஏ-வுக்கும் நடுவில் நிற்கும் ஓசை. ‘பாங்க்’ என்று எழுதுவதா ‘பேங்க்’ என்று எழுதுவதா என்று நம்மைக் குழப்பும் அதே ஓசைதான். கடைசி எழுத்துக்கு ஓசை கிடையாது. பன்மைக்கும் எழுத்து மாறாது, ஆனால் சொல்லும்போது மட்டும் கடைசியில் ஒரு ‘ஸ்’ (இசட் ஓசை) முளைக்கும். அமெரிக்காவில் பலர் முதல் எழுத்தை ‘ச்ச’ என்று அழுத்தியே சொல்கிறார்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதையும் ஏற்றுக்கொள்கிறது.

இது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. இதை வைத்து ஒரு ஆளை எடைபோடுவதில்தான் எனக்குச் சண்டை.

சில வருஷம் முன்னாடி ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள். லைனில் ஓடும் மென்பொருள் எங்களுடையது என்பதால் என்னையும் பேனலில் உட்கார வைத்தார்கள். டிப்ளமோ முடித்த ஒரு பையன் வந்தான். வரைபடத்தைக் காட்டியதும், வெல்டிங் எந்த வரிசையில் போட்டால் எந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும், ஏன் எதிரெதிராகப் போட வேண்டும் என்று கடகடவென்று சொன்னான். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘சேசிஸ்’. பேனலில் ஒருவர் குறுக்கிட்டு, “இட்ஸ் ஷாசி” என்றார். இரண்டு பேர் சிரித்தோம். ஆமாம், நானும்தான்.

அதற்குப் பிறகு அவன் அந்தச் சொல்லைத் தொடவே இல்லை. ‘அது’, ‘கீழ இருக்கிற ஃபிரேம் சார்’ என்று சுற்றிச் சுற்றிப் போனான். அப்புறம் பேச்சே குறைந்துவிட்டது. மார்க் ஷீட்டில் ‘கம்யூனிகேஷன்’ கட்டத்தில் கம்மியாக விழுந்தது. வேலை இல்லை.

சிரித்ததற்குப் பிராயச்சித்தமாகத்தான் இந்தச் சொல்லின் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன்.

இது பிரெஞ்சு சொல். சட்டம், சட்டகம் என்று பொருள். அதற்கும் முந்தைய வேர் ‘காப்ஸா’ என்ற லத்தீன் சொல், அதாவது பெட்டி. பெட்டியைக் குறிக்கும் ‘கேஸ்’, பணப்பெட்டி வழியாகப் பணத்தையே குறிக்க வந்த ‘கேஷ்’ எல்லாம் இதே குடும்பம். (நம் ‘காசு’ இதில் சேராது. காசு போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், கீழை நாட்டுச் சில்லறைக் காசைக் குறிக்கும் இன்னொரு ‘கேஷ்’ ஆனது. ஓசை ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடக் கூடாது.)

ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் வண்டியைக் குறிக்கவில்லை, ஜன்னல் சட்டத்தைக் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் பீரங்கி நகரும் அடிச்சட்டத்துக்கும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிக்கும் வந்தது.

சுவாரசியமே ஜன்னலில்தான் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் தச்சர்கள் இந்தப் பிரெஞ்சு சொல்லைக் காதால் கேட்டார்கள். கடைசியில் வருவது பன்மை விகுதி என்று நினைத்து வெட்டிவிட்டார்கள். மிச்சம் நின்றது ‘சாஷ்’. மேலும் கீழும் தள்ளித் திறக்கும் ஜன்னலுக்கு இன்றும் ஆங்கிலத்தில் அதுதான் பெயர். அந்தத் தப்பு அகராதியில் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது. ‘செர்ரி’, பட்டாணியைக் குறிக்கும் ‘பீ’ என்ற சொற்களும் இதேபோல வால் வெட்டுப்பட்டவைதான்.

இப்போது நம் மெக்கானிக் சொல்லும் ‘சேஸ்’ஸைப் பாருங்கள். அதே சொல்தான், அதே இடத்தில்தான் வெட்டு. லண்டன் தச்சர் செய்தால் சொற்பிறப்பியல், பூந்தமல்லி மெக்கானிக் செய்தால் உச்சரிப்புப் பிழையா?

இங்கே ‘சேஸ்’ முழுத் தமிழ்த் தொழிற்சொல்லாகவே ஆகிவிட்டது. கரூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிறவர்களிடம் ‘வெறும் சேஸ்’ என்றால் போதும், என்ன வண்டி, எந்த நிலையில் வந்திருக்கிறது என்று புரிந்துவிடும். ‘அடிச்சட்டம்’ நல்ல சொல், பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பட்டறையில் புழங்குவது சேஸ். வடசொல் தமிழுக்கு வந்தால் தமிழ் ஓசைக்கு ஏற்பத்தான் வரும் என்று தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது.

சரி, தலைகீழாகவும் பார்ப்போம். இந்த வட்டாரத்துக்கு வெளியூரிலிருந்து வரும் மேலாளர்களில் எத்தனை பேர் ‘ஸ்ரீபெரும்புதூர்’ என்று ஒழுங்காகச் சொல்கிறார்கள்? ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘பெரம்பூடூர்’ என்பார்கள், ‘ஒராகடம்’ என்பார்கள். யாரும் மார்க் குறைப்பதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998லிருந்து கார் செய்யும் கம்பெனியை நாம் ‘ஹூண்டாய்’ என்கிறோம். கொரிய மொழியில் ‘நவீனம்’ என்று பொருள்படும் அந்தச் சொல்லின் கடைசி ஓசை ‘டாய்’ அல்ல, ‘தே’க்குப் பக்கத்தில் வரும். பிரிட்டனில் உள்ளவர்கள் தப்பாகச் சொல்கிறார்கள் என்று அந்தக் கம்பெனியே 2023இல் விளம்பரம் போட்டுத் திருத்தியது. அதையும் சிரிக்கச் சிரிக்கத்தான் சொன்னார்கள், யாரையும் வெளியே அனுப்பவில்லை.

அப்படியென்றால் உச்சரிப்பு முக்கியமே இல்லையா? முக்கியம்தான், ஆனால் வேறு இடத்தில். லைனில் ஒருவர் ‘ஃபிஃப்டீன்’ என்று சொல்லி, எதிரில் இருப்பவர் காதில் ‘ஃபிஃப்டி’ என்று விழுந்தால், 15 நியூட்டன் மீட்டரில் முடுக்க வேண்டிய போல்ட் 50இல் முடுக்கப்படும். மரை போகும், இல்லை போல்ட்டே முறியும். விமான வானொலியில் இந்த ஆபத்து தெரிந்துதான் மூன்றை ‘ட்ரீ’ என்றும், ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும், ஒன்பதை ‘நைனர்’ என்றும் சொல்லச் சர்வதேச விதியே வைத்திருக்கிறார்கள். அகராதிப்படி மூன்றும் தப்பு. கேட்பவருக்குக் குழப்பமில்லாமல் போய்ச் சேர்வதால் அங்கே அதுதான் சரி. ‘சேசிஸ்’ என்று கேட்டு அந்தப் பேனலில் யாருக்காவது வேறு ஏதாவது புரிந்ததா? இல்லை. எல்லாருக்கும் புரிந்தது, அதனால்தான் சிரித்தோம்.

இந்தத் தொழிற்சாலைகளில் சுவருக்குச் சுவர் ஒட்டியிருக்கும் ஒரு ஜப்பானியச் சொல் ‘பொகா-யொகே’. நாம் ‘போக்கா யோக்’ என்போம். தப்பு நடக்கவே முடியாதபடி வேலையை அமைப்பது என்று அர்த்தம். இதைப் பரப்பிய ஷிகெயோ ஷிங்கோ முதலில் வைத்த பெயர் ‘பக்கா-யொகே’, அதாவது முட்டாள் தடுப்பு. ‘நான் என்ன முட்டாளா?’ என்று ஒரு பெண் தொழிலாளி அழுததைப் பார்த்து, பெயரையே மாற்றினார். ‘பொகா’ என்றால் கவனக்குறைவில் நேரும் சின்னத் தவறு. முறை அதேதான், ஆளை இழிவு செய்யும் சொல் மட்டும் போனது.

அந்த சேஸ் நம்பரிலேயே இதே புத்தி இருக்கிறது. 17 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது. ஒன்றோடும் சைபரோடும் குழம்பும் என்று விதியிலேயே விலக்கிவிட்டார்கள். படிக்கிறவரைத் திட்டவில்லை, எண்ணை மாற்றினார்கள்.

பேனலில் உட்கார்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. பையன் ‘சேசிஸ்’ என்றால் அவன் சொல்வது புரிகிறதா என்று மட்டும் பாருங்கள். புரிந்தால் கேள்வியைத் தொடருங்கள். ‘ஷாசி’ சொல்லித்தர வேண்டுமென்றால் வேலைக்கு எடுத்த பிறகு, டீ குடிக்கும்போது சொல்லிக்கொடுங்கள். எனக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை.