கோபத்தோடு வீடு திரும்புகிறவர்கள்

ஆலிவர் ஸ்டோனின் 'ஜேஎஃப்கே' படம் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர்கள் சிலர் அதன் பார்வையாளர்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். உள்ளே போகக் காத்திருந்தவர்களிடமும் பார்த்துவிட்டு வந்தவர்களிடமும் கேள்விகளைக் கேட்டு, பதில்களை ஒப்பிட்டார்கள். 1971இல் போலிச் சிறை ஒன்றை அமைத்து, மாணவர்களில் சிலரைக் கைதிகளாகவும் சிலரைக் காவலர்களாகவும் இருக்கவைத்துச் சர்ச்சைக்குள்ளான ஃபிலிப் ஜிம்பார்டோவும் அந்தக் குழுவில் ஒருவர்.

1995இல் வெளியான அவர்களது கட்டுரை சொல்வது இது: படம் பார்த்து வந்தவர்களிடம் கோபம் அதிகமாக இருந்தது. கென்னடியின் கொலை ஒரு சதிதான் என்ற நம்பிக்கையும் கூடியிருந்தது. ஆனால் தேர்தலில் ஓட்டுப் போடுவேன், அரசியலுக்கு நன்கொடை தருவேன் என்ற எண்ணம் குறைந்திருந்தது. பொதுவான அரசியல் கருத்துகளில் பெரிய மாற்றமில்லை. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படம் ஒன்று ரத்தத்தைக் கொதிக்க வைத்து, கையைக் கட்டி அனுப்பியிருக்கிறது.

அரசியல் சதிப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகக் கவலைப்படுவது வேறொன்றுக்காக. ஜனங்கள் இதையெல்லாம் உண்மை என்று நம்பிவிடுவார்களே என்பார்கள். எனக்கு அந்தக் கவலை பாதிதான் நியாயமாகப் படுகிறது. கேலப் நிறுவனம் 1963 நவம்பரில், கொலை நடந்த சில நாட்களிலேயே கேட்டபோது, கொலையாளியாகக் கைதான ஆஸ்வால்டு தனியாளாகச் செய்யவில்லை என்றவர்கள் 52 விழுக்காடு. 1976இல் அது 81ஐத் தொட்டது. ஸ்டோன் கேமராவைத் தூக்கியது அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. இடையில் வியட்நாம் நடந்தது, வாட்டர்கேட் நடந்தது, சிஐஏயின் வெளிநாட்டுக் கொலைத் திட்டங்களை 1975இல் செனட்டின் சர்ச் குழுவே தோண்டி எடுத்தது. அரங்கில் வந்து உட்கார்ந்தவர்கள் சந்தேகத்தை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். படம் அதற்கு முகமும் குரலும் கொடுத்தது.

சில சமயம் படத்தைச் சுற்றிப் பார்வையாளர்களே ஒரு சதியைக் கட்டிவிடுவதும் உண்டு. ஜான் ஃபிராங்கென்ஹைமரின் 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்' 1962 அக்டோபர் 24 அன்று வெளியானது. கியூபா ஏவுகணை நெருக்கடியின் நடுவாரம் அது. கொரியப் போரில் பிடிபட்டு மூளைச்சலவை செய்யப்பட்ட ஒரு சிப்பாய், அதிபர் வேட்பாளரைச் சுட அனுப்பப்படுகிறான். அடுத்த ஆண்டு டாலஸில் கென்னடி சுடப்பட்டார். அதிர்ந்துபோன அதன் நாயகன் ஃபிராங்க் சினாட்ரா படத்தை ஒரேயடியாகப் பூட்டிவைத்துவிட்டார் என்ற கதை இன்றும் உலவுகிறது. உண்மையில் அந்தக் கொலைக்குப் பிறகும் அது தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. பின்னால் உரிமை கைமாறி, கவனிப்பாரின்றிக் கிடந்து, 1988இல் மறுபடி திரைக்கு வந்தது. வெறும் வணிகச் சோம்பல். ஆனால் 'சோம்பலால் கிடந்தது' என்ற விளக்கத்தை யார் ரசிப்பார்கள்?

ஃபிராங்கென்ஹைமரின் அடுத்த சதிப் படமான 'செவன் டேஸ் இன் மே', தளபதிகள் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிடும் கதை. அதற்கு வெள்ளை மாளிகையின் வாசலில் படமெடுக்க வசதி செய்து கொடுத்தவர் கென்னடியே. 1964 பிப்ரவரியில் அது திரைக்கு வந்தபோது அவர் இல்லை.

இந்த வகையின் உச்சம் 1974 என்பேன். ஏப்ரலில் கொப்பலாவின் 'தி கான்வர்சேஷன்', ஜூனில் ஆலன் பக்கூலாவின் 'தி பாரலாக்ஸ் வியூ', ஆகஸ்டில் நிக்சனின் ராஜினாமா. கொப்பலாவின் படத்தில் ஜீன் ஹாக்மன் ஒட்டுக்கேட்பதையே தொழிலாகச் செய்பவர். சான்ஃபிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் நடந்துகொண்டே பேசும் ஒரு ஜோடியின் பேச்சை ஒலிநாடாவில் பிடிக்கிறார். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார். ஒரு வாக்கியத்தில் அழுத்தம் எந்தச் சொல்லின்மேல் விழுகிறது என்பதைத் தவறாகக் கேட்டுவிடுகிறார். படமே அந்த அழுத்தத்தில்தான் தொங்குகிறது. நாமும் அவரோடு சேர்ந்து தவறாகத்தான் கேட்டிருப்போம். கொப்பலா இதை எழுதத் தொடங்கியது அறுபதுகளில். வெளியானபோது வாட்டர்கேட்டால் ஒலிநாடா என்ற சொல்லுக்கே நாட்டில் வேறு பொருள் வந்துவிட்டிருந்தது.

பக்கூலாவின் படம் இன்னும் இரக்கமற்றது. சியாட்டிலின் ஸ்பேஸ் நீடில் கோபுர உச்சியில் ஒரு செனட்டர் சுடப்படுகிறார். சாட்சிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். வாரன் பீட்டி நடித்த பத்திரிகையாளர், கொலையாளிகளை ஆள்சேர்க்கும் பாரலாக்ஸ் என்ற நிறுவனத்துக்குள் வேலை தேடுபவர்போல நுழைகிறார். அங்கே அவரை நாற்காலியில் உட்கார வைத்துப் படங்களைக் காட்டுகிறார்கள். அன்பு, தாய், தந்தை, நாடு, கடவுள், எதிரி என்று சொற்கள் வந்து போகின்றன. இடையிடையே குடும்பப் புகைப்படங்கள், கொடிகள், பிணங்கள், சித்திரக்கதை வீரர்கள். வேகம் ஏறஏற எந்தச் சொல்லுக்கு எந்தப் படம் என்பது குழம்புகிறது. ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஓடும் இந்தச் சோதனையில் பீட்டியின் முகத்துக்கு ஒரு வெட்டுகூடக் கிடையாது. திரை முழுக்கச் சோதனைப் படம்தான். யாரைச் சோதிக்கிறார்கள்? அரங்கில் உட்கார்ந்திருப்பவரை. சதிப் படம் தன் பார்வையாளரை இவ்வளவு நேராகப் பார்த்து வேறெங்கும் நான் கண்டதில்லை.

முடிவில் பத்திரிகையாளரே பழிசுமந்து செத்துப்போகிறார். ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸின் இருளுக்குள், உயரமான மேசையின் பின்னால் வரிசையாக அமர்ந்த விசாரணைக் குழு, சதி ஏதுமில்லை, தனியாள்தான் என்று தீர்ப்பைப் படிக்கிறது. கேள்விகளுக்கு அனுமதியில்லை. படம் அப்போது பெரிதாக ஓடவில்லை. அதில் வியப்பும் இல்லை. போக ஓர் இடம்கூட விடாமல் கதவையெல்லாம் சாத்திவிட்டால் பார்வையாளர் என்ன செய்வார்?

அதே பக்கூலா, அதே வில்லிஸ், இரண்டே ஆண்டுகளில் 'ஆல் தி பிரெசிடென்ட்ஸ் மென்' எடுத்தார்கள். இங்கே கதவு திறந்திருக்கிறது. தட்டச்சுப் பொறி, தொலைபேசி, குறிப்பேடு, நூலகச் சீட்டுகள். இரண்டு நிருபர்கள் எண்களைச் சுழற்றிச் சுழற்றி ஓர் அதிபரை அசைக்கிறார்கள். வாஷிங்டன் போஸ்ட் செய்திக்கூடத்தை ஹாலிவுட்டில் அப்படியே எழுப்பி, அசல் அலுவலகத்தின் காகிதக் குப்பையைக்கூட வரவழைத்து மேசைகளில் நிரப்பினார்கள். வசூல் குவிந்தது, நான்கு ஆஸ்கர் வந்தது. வாகன நிறுத்தத்தின் இருட்டில் நிற்கும் மர்ம ஆசாமி, பணம் போகும் தடத்தைப் பிடித்துப் போ என்கிறார். அந்த வசனம் மூலநூலில் கிடையாது. திரைக்கதைக்காரர் வில்லியம் கோல்ட்மன் எழுதியது. அது நிஜத்தில் சொல்லப்பட்டது என்றே பலரும் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிருபர்களுக்கு அது தாரக மந்திரமாகவே ஆகிவிட்டது.

கதவு எங்கே என்பதை இவர்களுக்கெல்லாம் முன்பே கண்டவர் கோஸ்டா-காவ்ராஸ். 1963 மே மாதம் கிரேக்கத்தின் தெசலோனிக்கியில், அமைதிக் கூட்டத்தில் பேசிவிட்டு வந்த நாடாளுமன்ற உறுப்பினர் லாம்ப்ராக்கிஸ் தெருவில் அடித்துச் சாய்க்கப்பட்டார். விபத்து என்றது காவல்துறை. விசாரித்த இளம் நீதிபதி விடவில்லை. அதிகாரிகள்வரை குற்றம் சாட்டினார். வாசிலிகோஸ் அதை நாவலாக்கினார். 1969இல் அது 'இசட்' என்ற படமானது. அப்போது கிரேக்கத்தில் ராணுவ ஆட்சி, படப்பிடிப்பு அல்ஜியர்ஸில். இசை தியோடோராக்கிஸுடையது; அவரோ ராணுவத்தின் பிடியில் இருந்தார். நிஜ மனிதர்களோடு ஒற்றுமை தெரிந்தால் அது வேண்டுமென்றே செய்ததுதான் என்று தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டார்கள். கற்பனையே என்று கைகழுவும் வழக்கமான அட்டைக்கு இதைவிட நல்ல பதிலில்லை. முடிவில் ராணுவம் தடைசெய்தவற்றின் பட்டியல் வருகிறது: சோபக்ளீஸ், டால்ஸ்டாய், குட்டைப் பாவாடை, கடைசியாக 'இசட்' என்ற எழுத்து. அவன் வாழ்கிறான் என்பது அதன் பொருள். பட்டியல் நீளநீளச் சிரிப்பு வருகிறது, சிரிப்போடு எரிச்சலும். கிரேக்கர்கள் தங்கள் அரங்குகளில் இந்தப் படத்தைப் பார்க்க 1974இல் ராணுவ ஆட்சி விழும்வரை காத்திருந்தார்கள். அந்த நீதிபதி, சார்ட்செடாக்கிஸ், 1985இல் கிரேக்கத்தின் குடியரசுத் தலைவரானார். இதைக் கதையாக எழுதியிருந்தால் எந்தத் தயாரிப்பாளரும் நம்பியிருக்க மாட்டார்.

அரசாங்கமும் ஒரு பார்வையாளர்தான் என்பதைக் காட்டியதும் கோஸ்டா-காவ்ராஸின் படமே. சிலி ராணுவப் புரட்சியில் காணாமல்போன அமெரிக்க இளைஞன் ஒருவனைப் பற்றிய 'மிஸ்ஸிங்' 1982இல் வந்தபோது அமெரிக்க வெளியுறவுத் துறை மறுப்பு வெளியிட்டது. முன்னாள் தூதர் அவதூறு வழக்குப் போட்டுத் தோற்றார்.

நம் பக்கத்தில் இந்த எதிர்வினை பெரும்பாலும் படம் திரைக்கு வருமுன்பே நடந்துவிடுகிறது. ராஜீவ் காந்தி படுகொலையைத் தொட்ட ஆர்.கே. செல்வமணியின் 'குற்றப்பத்திரிகை' தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எடுக்கப்பட்டு, தணிக்கையில் சிக்கி, 2007இல்தான் வெளியே வந்தது. அதற்குள் அதன் சூடு ஆறிவிட்டிருந்தது. அதே படுகொலையின் நிழலில் எடுத்த 'மெட்ராஸ் கஃபே' 2013இல் வந்தபோது, எதிர்ப்பால் தமிழ்நாட்டு அரங்குகள் அதைத் திரையிடவே இல்லை. பார்த்துவிட்டுக் கோபப்படும் வாய்ப்பு ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் பதில் சொன்னவர்களுக்குக் கிடைத்தது, நமக்கு இல்லை.

மறுபடி 'ஜேஎஃப்கே'க்கு வருவோம். படம் வெளியாகும் முன்பே, திரைக்கதையின் முதல் வரைவு கையில் கிடைத்ததை வைத்து வாஷிங்டன் போஸ்ட் தாக்கியது. நியூஸ்வீக் அட்டையிலேயே இந்தப் படத்தை நம்பாதீர்கள் என்றது. லிண்டன் ஜான்சனிடம் வேலை பார்த்தவரும் ஹாலிவுட் தயாரிப்பாளர் சங்கத்தின் தலைவருமான ஜாக் வலென்டி, ஹிட்லருக்காக லெனி ரீஃபென்ஸ்தால் எடுத்த படத்தோடு இதை ஒப்பிட்டார். உண்மைப் பிழைகள் படத்தில் நிறைய. அதன் நாயகனான வழக்குரைஞர் ஜிம் கேரிசன் குற்றம் சாட்டிய கிளே ஷா என்பவரை, 1969இல் ஜூரிகள் ஒரு மணி நேரத்துக்குள் விடுவித்துவிட்டார்கள். நிஜச் சுருளையும் நடிப்புச் சுருளையும் தையல் தெரியாமல் ஒட்டிய படத்தொகுப்புக்கு ஆஸ்கர் கிடைத்தது; அந்தத் திறமைதான் அதன்மேலான புகாரும்.

ஆனால் ஸ்டோன் கடைசியில் ஓர் அட்டையைப் போட்டார்: நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் கோப்புகள் 2029வரை பூட்டப்பட்டிருக்கின்றன. ஒரு பெட்டி, ஓர் ஆண்டு. கோபத்துக்குப் போக முகவரி கிடைத்தது. ஓட்டுப் போட அலுத்துப்போனவர்களின் நாட்டில், படம் வெளியாகி ஓராண்டு ஆவதற்குள், 1992 அக்டோபர் 26 அன்று, கோப்புகளைத் திறக்கும் சட்டத்தில் மூத்த புஷ் கையெழுத்திட்டார். அதன்படி அமைந்த மீளாய்வு வாரியம் 1998இல் கொடுத்த அறிக்கை, அந்தப் படத்தின் பங்கை மறைக்காமல் ஒப்புக்கொண்டது. சட்டம் தந்த கெடு இருபத்தைந்து ஆண்டுகள். 2017இல் அது முடிந்த பிறகும் ஒவ்வோர் அதிபரும் கொஞ்சம் திறந்து கொஞ்சம் மூடினார்கள். 2023இல் கேலப் மறுபடி கேட்டபோது சதி என்றவர்கள் 65 விழுக்காடு.

2025 மார்ச்சில் மீதியும் பல்லாயிரம் பக்கங்களாக இணையத்தில் கொட்டப்பட்டது. இரண்டாவது துப்பாக்கிக்காரன் அதில் அகப்படவில்லை. அவசரத்தில் மறைக்க மறந்துபோன, இன்னும் உயிரோடிருக்கிற சிலரின் சமூகப் பாதுகாப்பு எண்கள் அகப்பட்டன. அடுத்த சில நாட்களுக்குச் செய்தி அதுவாகத்தான் இருந்தது.