குவிமாடமும் குடியிருப்பும்

பினாங்கு மரபு அறக்கட்டளை 1986இல் தோன்றியது. அது நடத்திவரும் மரபு உலாக்களை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதில் இத்தகைய உழைப்புக்குப் பங்குண்டு. ஆயினும் உலா என்பது கட்டடத்தின் முன்னே நின்றுவிடுவது. 1801இல் காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் குவிமாடம் எவர் கண்ணிலும் படும். அதைச் சூழ்ந்த வக்பு நிலத்தில் வாழ்ந்த தமிழ் முஸ்லிம்களின் குடியிருப்போ ஆங்கிலேயர் காலத்து அறநிலைய வாரியத்தால் அகற்றப்பட்டது. அது எவருக்குத் தெரியும்? கூ சல்மா நசுத்தியோன் 2014இல் வெளியிட்ட பினாங்குச் சூலியாக்கள் பற்றிய நூல் அவ்விழப்பை மீட்டெழுதுகிறது. நூலின் பெருமதிப்பு இதுவே. வாடகைக் கட்டுப்பாடு 2000இல் நீங்கியபின் நகரின் கடைவீட்டுக் குடிகள் பலரும் வெளியேறினர். பள்ளிவாசல் வாயிலில் நின்று, வக்பு ஆவணத்தின் ஒரு பக்கத்தையேனும் உலா வருவோர்க்கு வாசித்துக் காட்டலாகாதா?