கணக்கு எழுதியாச்சு, படிக்க ஆள் எங்கே?

புதுக்கோட்டையை 1839 முதல் 1886 வரை ஆண்ட ராஜா ராமச்சந்திர தொண்டைமானுக்குக் கொஞ்சம் தாராளமான கை. வரவைப் பார்க்காத செலவு, அதற்கு மேல் கடன். கடுப்பான வெள்ளைக்கார அரசு, அவர் பெயருக்கு முன்னால் இருந்த ‘ஹிஸ் எக்ஸெலன்ஸி’ மரியாதையையே ஒரு கட்டத்தில் பிடுங்கிவிட்டது. 1878-ல் திவானாக வந்த ஏ.சேஷய்ய சாஸ்திரிதான் சமஸ்தானத்தின் கணக்கை ஒரு வழிக்குக் கொண்டுவந்தார்.

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. ராஜா போனார், சர்க்கார் வந்தது. சர்க்காரின் தாராளக் கையைக் கேள்வி கேட்க யார்? அதற்காக அரசியல் சட்டம் உருவாக்கிய நாற்காலிதான் சி.ஏ.ஜி. எனும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவி. ‘இந்த அரசியல் சட்டத்திலேயே அநேகமாக இவர்தான் முக்கியமான அதிகாரி’ என்ற பொருளில் 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் பேசினார் அம்பேத்கர். சுப்ரீம் கோர்ட் நீதிபதியைப் போல, நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் சேர்ந்தால்தான் இவரை நீக்க முடியும். ஓய்வுக்குப் பிறகு மத்திய, மாநில அரசுகளில் எந்தப் பதவியும் கிடையாது. ஆசை காட்டவும் முடியாது, பயம் காட்டவும் முடியாது.

ஆனால், இவர் கையில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. பிரிட்டனில் இதே பதவியில் இருப்பவர் சம்மதிக்காமல் கஜானாவிலிருந்து பணம் வெளியே வராது. நம்மவர் பதவிப் பெயரிலும் ‘கம்ப்ட்ரோலர்’ இருக்கிறது. அந்த அதிகாரம் இல்லை. புதுக்கோட்டை கருவூலத்தில் பில் பாஸாகி, காண்டிராக்டர் பணத்தை வாங்கிப் போன பிறகுதான் வவுச்சர் சென்னையில் இருக்கும் மாநிலக் கணக்காயர் ஆபீஸுக்குப் போகும். பி.காம். பாடத்தில் இதற்கு ‘போஸ்ட் ஆடிட்’ என்று பெயர். நம்மூர் பாஷையில், கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு மொய்க் கணக்கு பார்ப்பது.

ஆக, அவரிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அறிக்கை. அதைப் படித்துவிட்டு யாராவது எழுந்து கேட்டால்தான் அது ஆயுதம். இல்லாவிட்டால் எடைக்குப் போடும் காகிதம்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. அது மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்றும், செம்பரம்பாக்கத்திலிருந்து 21 மணி நேரம் 29,000 கன அடி வீதம் திறந்துவிட்டது தவறு என்றும் சொன்ன சி.ஏ.ஜி. அறிக்கை சட்டசபைக்கு எப்போது வந்தது தெரியுமா? 2018 ஜூலையில். ரெண்டரை வருஷம் கழித்து!

அடுத்த நாலே மாதத்தில் கஜா புயல். புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நிவாரணம் எங்கே என்று கொத்தமங்கலத்தில் ஜனங்கள் மறியலுக்கு உட்கார்ந்தார்கள். அரசு வாகனங்கள் எரிந்தன. எரித்ததை நியாயப்படுத்தவில்லை. ஆனால், கணக்குக் கேட்க ரெண்டு இடம்தான் உண்டு. ஒன்று சட்டசபை, இன்னொன்று நடுரோடு. சபையில் கேட்க வேண்டியவர்கள் வாயை மூடினால், கேள்வி ரோட்டுக்குத்தான் வரும்.

சில ஊர்களில் அறிக்கையையே வெளியே விடுவதில்லை. டெல்லியில் பதினாலு அறிக்கைகள் சபைக்கு வராமல் கிடந்தன. 2025 பிப்ரவரியில் ஆட்சி மாறிய பிறகுதான் ஒவ்வொன்றாக வெளிவந்தன. எத்தனை நாளுக்குள் சபையில் வைக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் கெடு வைக்கவில்லை. ஆளும் கட்சிக்கு, எந்தக் கட்சியானாலும் சரி, இது எவ்வளவு வசதி!

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2010-ன் அலைக்கற்றை அறிக்கையில் உத்தேச இழப்புக்கு 57,666 கோடியில் தொடங்கி 1,76,645 கோடி வரை பல கணக்குகள் இருந்தன. நாம் மனப்பாடம் செய்தது பெரிய எண்ணை மட்டும். 2017 டிசம்பரில் சி.பி.ஐ. கோர்ட் எல்லோரையும் விடுதலை செய்ததும், அதே வேகத்தில் சி.ஏ.ஜி.யைத் திட்டினோம். (சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை டெல்லி ஹைகோர்ட் 2024-ல் விசாரணைக்கு ஏற்றது தனிக்கதை.) ஆடிட்டர் நீதிபதியும் இல்லை, போலீஸும் இல்லை. இதை மறந்து ஒருநாள் ஹீரோவாக்கினோம், மறுநாள் வில்லனாக்கினோம்.

அறிக்கையை வரிவரியாகப் பார்க்க வேண்டியது பொதுக் கணக்குக் குழு. அதன் தலைவர் பதவியை எதிர்க்கட்சிக்குத் தருவது 1967 முதல் நாடாளுமன்ற மரபு. தமிழகத்திலோ 2021-ல் அந்த நாற்காலி ஆளும் கூட்டணியிலிருந்த காங்கிரஸின் செல்வப்பெருந்தகைக்குப் போனது. அவர் திறமையில் குறையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் குணத்தை மாப்பிள்ளையின் மாமாவிடமே விசாரித்தால் என்ன பதில் வரும்?

சி.ஏ.ஜி.யிடமும் ஒரு குறை உண்டு. அறிக்கை தமிழிலும் வருகிறது. அந்தத் தமிழைப் புரிந்துகொள்ள இன்னொரு ஆடிட்டர் வேண்டும்!

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. உங்கள் எம்.எல்.ஏ. அடுத்த முறை காதுகுத்துக்கோ, கல்யாணத்துக்கோ வந்தால் சந்தனம் கொடுத்து வரவேற்று, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். “அண்ணே, போன ஆடிட் ரிப்போர்ட்டைப் படிச்சீங்களா?”

அன்றைக்கு ராஜாவைக் கேட்க வெள்ளைக்காரன் இருந்தான். இன்றைக்கு நாமதான் கேட்கணும்.