கொடையும் உடைமையும்

கொடிய செல்வர் ஒருவர் மனம் மாறி வள்ளலானார் என்ற கதை எக்காலத்தும் மக்களைக் கவர்ந்து வந்துள்ளது. மைக்ரோசொப்டின் முன்னாள் அதிபர் பில் கேற்ஸின் வரலாறும் இவ்வாறே சொல்லப்படுகிறது. அவரைப் போற்றுவதா தூற்றுவதா என்பதன்று நம்முன் உள்ள வினா. அவரிடத்து மாறியது எது, மாறாதது எது என்று ஆராய்வதே நமது கடன்.

1998 பெப்ரவரியிற் பிறசெல்ஸ் நகரிலே அவர் முகத்திற் சிலர் கிறீம் கேக்கை அப்பியபோது, அதனைக் கேட்டு நகைத்தோர் பலர். அதே ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் அவரது நிறுவனத்தின்மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. விண்டோஸுடன் தனது இணைய உலாவியைப் பிணைத்து, நெற்ஸ்கேப் என்னும் போட்டி நிறுவனத்தை நசுக்க முயன்றமை வழக்கின் மையமாயிருந்தது. 2000 ஜூனில் நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்குமாறு நீதிபதி ஜக்சன் ஆணையிட்டார். மறு ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியதாயினும், ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகப் பேணிய குற்றத்தை உறுதிசெய்தது. 2005 இலோ 'ரைம்' சஞ்சிகை கேற்ஸ் தம்பதியரையும் பாடகர் பொனோவையும் அவ்வாண்டின் மாந்தராகத் தெரிவு செய்தது!

இக்கொடையின் பயனை மறுப்பது நேர்மையாகாது. 1999 இல் அவர்களது அறநிலையம் வாக்களித்த 75 கோடி டொலரின் துணையோடு தோன்றிய 'காவி' அமைப்பு, வறிய நாடுகளின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி கிடைக்க வழிசெய்தது. பிழைத்த உயிர்கள் மெய்யானவை.

ஆயினும், 1976 இல் இருபது வயது இளைஞராயிருந்த கேற்ஸ் எழுதிய பகிரங்கக் கடிதமொன்றை நாம் மறத்தலாகாது. தமது மென்பொருளை விலைகொடாது படியெடுத்துப் பகிர்ந்த கணினி ஆர்வலர்களை அவர் அதிலே திருடரென்று சாடினார். அறிவு தனியுடைமை என்பதே அக்கடிதத்தின் சாரம். நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின்னரும் அச்சாரம் மாறவில்லை. கொரோனாத் தடுப்பூசிகளின் அறிவுச்சொத்துரிமையைத் தற்காலிகமாகத் தளர்த்துமாறு 2020 ஒக்ரோபரில் இந்தியாவும் தென்னாபிரிக்காவும் உலக வர்த்தக நிறுவனத்திற் கோரின. 2021 ஏப்ரலிற் கேற்ஸ் அதனை எதிர்த்தார். தடையாயிருப்பது காப்புரிமையன்று, தகுதியான ஆலைகளின் குறைவே என்பது அவர் வாதம். அறிவைப் பூட்டிவைத்தால் ஆலைகள் எங்ஙனம் பெருகும்? மே மாதத்தில் அமெரிக்க அரசு தன் நிலைப்பாட்டை மாற்றிய பின்னரே, வரையறுத்த விலக்கொன்றுக்கு அறநிலையம் இசைந்தது.

கொடை அதிகாரமாகவும் உருக்கொள்கிறது. மலேரியா ஆராய்ச்சியில் அறநிலையத்தின் ஆதிக்கம் விஞ்ஞானிகளின் கருத்து வேறுபாட்டை ஒடுக்கிவிடக்கூடும் என்று, உலகச் சுகாதார நிறுவனத்தின் மலேரியாத் திட்டத் தலைவர் அரத்த கொச்சி எச்சரித்தமை 2008 இல் வெளியாயிற்று. வாக்களித்து எவரும் தெரிவு செய்யாத ஒருவர், எந்நோய்க்கு முதலிடம் என்று தீர்மானிக்க உரிமை பெற்றது எவ்வாறு?

பொதுமக்களின் எதிர்வினை இவ்வினாவை எட்டவில்லை. ஒருசாரார் அவரை வழிபட்டனர். மற்றொரு சாரார் 2020 இல் தடுப்பூசியில் அவர் நுண்சில்லுகளை ஒளித்துவைத்தாரெனப் புனைந்தனர். இப்புனைவு அவருக்கு ஊறு செய்ததைவிட நன்மையே செய்தது. நியாயமான விமர்சனமும் அதனோடு சேர்த்துப் புறந்தள்ளப்பட்டது.

2045 இறுதிக்குள் ஏறத்தாழத் தம் செல்வம் முழுவதையும் வழங்கி, 20,000 கோடி டொலருக்கு மேற் செலவிட்டு அறநிலையத்தை மூடுவதாகக் கேற்ஸ் 2025 மே மாதத்தில் அறிவித்தார். பணம் கைமாறும், அறிவின் உடைமை கைமாறுமா? மருந்தைப் பெறும் குழந்தை பிழைப்பது நன்று. அம்மருந்தை ஆக்கும் அறிவும் அக்குழந்தையின் நாட்டுக்கு உரியதாகும் நாளிலேதான், கொடையை எதிர்பார்த்து நிற்கும் நிலை ஒழியும்.