காலாவதி இல்லாத வரிகள்

டிஎன்எஸ் எங்காவது முடங்கினால் போதும், சர்வர்களின் பெயரையும் ஐபி முகவரியையும் ஹோஸ்ட்ஸ் கோப்பிலேயே எழுதிவிடுங்கள் என்ற யோசனை மறுபடி கிளம்பிவிடுகிறது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் முடங்கியதை இதற்குச் சான்றாகவும் காட்டுகிறார்கள். அன்று முதலில் அறுந்தது தரவு மையங்களை இணைக்கும் உள் நெட்வொர்க். டிஎன்எஸ் சர்வர்கள் இணையத்திலிருந்து மறைந்தது அதன் விளைவு. முகவரி தெரிந்தவருக்கும் அன்று ஃபேஸ்புக் திறந்திருக்காது.

ஹோஸ்ட்ஸ் கோப்பே வேண்டாம் என்பதல்ல என் வாதம். லோக்கல்ஹோஸ்ட், சர்வரின் சொந்தப் பெயர், பூட் ஆகும்போது தேவைப்படும் ஓரிரு பெயர்கள் அங்கே இருக்கத்தான் வேண்டும். அதில் பெயர் தேடுவது வேகமானது என்பதும் உண்மைதான்.

ஆனால் அதில் எழுதும் வரிக்குக் காலாவதி கிடையாது. டிஎன்எஸ் பதிவுக்கு டிடிஎல் உண்டு. 300 என்று வைத்தால் ஐந்து நிமிடத்தில் கேஷிலிருந்து பழைய விடை போய்விடும். ஹோஸ்ட்ஸ் வரியோ, எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகும் கிடக்கும்.

டேட்டாபேஸ் 10.0.0.15-இலிருந்து 10.0.0.27-க்கு மாறுகிறது என்று வையுங்கள். டிஎன்எஸ்ஸில் மாற்றியாயிற்று. டிக் கட்டளை 27 என்கிறது. அது ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பதே இல்லை. அப்ளிகேஷனோ, என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் ‘ஃபைல்ஸ்’ முதலிலும் ‘டிஎன்எஸ்’ பிறகும் இருப்பதால், பழைய 15-க்கே போகிறது. ‘கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்’ கொடுத்தால் குட்டு உடையும். நள்ளிரவுப் பதற்றத்தில் எத்தனை பேருக்கு அது நினைவுக்கு வரும்? பழைய மெஷினை அணைத்திருந்தால் எரராவது வரும். அணைக்காவிட்டால் வாடிக்கையாளரின் ஆர்டர்கள் சத்தமில்லாமல் பழைய டேட்டாபேஸில் சேர்ந்துகொண்டே இருக்கும். இதற்கு எளிமை என்று பெயர் சூட்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆன்சிபிள் வைத்து எல்லா சர்வருக்கும் ஒரே கோப்பை அனுப்பிவிடலாமே என்பார்கள். ஆர்பாநெட்டிலும் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம் வைத்திருந்த ஒரே கோப்பைத்தான் எல்லோரும் நகலெடுத்தார்கள். அது கட்டுக்கடங்காமல் போனதால்தான் 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை முன்வைத்தார். கோப்பு போகும் நேரத்தில் ஒரு சர்வர் அணைந்திருந்தால் போதும், பழைய வரி அங்கே தங்கிவிடும்.

பெயர் தேடல் மந்தம் என்று ஹோஸ்ட்ஸ் கோப்புக்கு ஓடுபவர்கள் முதலில் ரிசால்வ் காண்ஃபைத் திறந்து பார்க்கட்டும். லினக்ஸில் முதல் நேம்சர்வர் பதில் தராவிட்டால், இயல்பு அமைப்பில் 5 நொடி காத்திருந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கும். அதை 1 நொடியாகக் குறையுங்கள், செத்த நேம்சர்வரை நீக்குங்கள், சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற கேஷ் ஒன்றை ஓடவிடுங்கள்.